பெயர் சொல்லி நினைப்பது: மறைந்த திரை, இசைக் கலைஞர்களுக்கு அஞ்சலி செலுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு முறை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அண்மையில் மறைந்த ஒரு நடிகரையோ பாடகரையோ இயக்குநரையோ எடுத்துக்கொண்டு, அவர் செய்த வேலையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவோம், பாட்டுக் கேட்போம். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்த 2020-இல் தொடங்கிய பழக்கம் இது. அங்கே வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பேசிப் பேசி நான் வந்து சேர்ந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காதவருக்காக அழுகை வருகிறது. இது இயல்புதானா?

இயல்புதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்.பி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் வெளிவந்த ‘அடிமைப்பெண்’ முதல் 2020 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் தமிழ் வீடுகளில் ஒலித்தது. அப்பா சவரம் செய்துகொண்டே கேட்டது, அக்கா கல்யாணத்தில் மெல்லிசைக் குழு பாடியது, இரவுப் பேருந்தில் ஓட்டுநர் தூக்கத்தை விரட்டப் போட்டது எல்லாம் அதே குரல். அவர் போனபோது நமக்குத் துக்கமாக இருந்ததில் பாதி அவருக்காக. மீதி, அந்தப் பாட்டு ஓடிய நேரங்களுக்காக, அப்போது பக்கத்தில் இருந்து இப்போது இல்லாத நம் சொந்த மனிதர்களுக்காக. எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா, அவருடைய பாட்டைக் கேட்டு அழுதுவிட்டு, “நான் இவருக்காக அழவில்லை, எங்க வீட்டுக்காரருக்காக அழறேன்” என்றார். இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வரும். பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அது கொரோனாக் காலம் என்பதும் சேர்ந்துகொண்டது. சாதாரணக் காலமாக இருந்திருந்தால் சென்னை தாங்காத கூட்டம் வந்திருக்கும். தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையுடன் அவரை அடக்கம் செய்ததைப் பெரும்பாலானவர்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கூடி அழ முடியாத துக்கம் நீண்ட நாள் தங்கும்.

சாவுச் செய்தி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பகிராமல் இருக்க வேண்டும். குடும்பத்தினரோ மருத்துவமனையோ அறிவிக்கும்வரை காத்திருங்கள்.

எஸ்.பி.பி. 2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஏழு வாரங்களில் அவரைப் பற்றி எத்தனையோ பொய்ச் செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அப்பாவைத் தீவிர சிகிச்சையில் வைத்துக்கொண்டு, அவருடைய மகன் சரண் அடிக்கடி வீடியோவில் தோன்றி ‘நான் சொல்வதை மட்டும் நம்புங்கள்’ என்ற பொருளில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வேலையை நாம் கொடுத்திருக்கக் கூடாது.

இறந்த காரணத்தை ஊகிப்பதும் இதே தவறுதான். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை மறைந்தார். தடுப்பூசிதான் கொன்றது என்று ஊரே பேசியது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். பிறகு இதை ஆராய்ந்த மத்திய அரசின் குழுவும் தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றுதான் சொன்னது. மக்களிடம் தடுப்பூசி பயத்தைப் போக்குவதற்காகவே பொதுவில் போய்ப் போட்டுக்கொண்டவர் அவர். அவருடைய சாவையே அந்தப் பயத்துக்குத் தீனியாக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘இயற்கை எய்தினார்’: எதை எழுதுவது?

காலமானார், மறைந்தார் என்ற இரண்டும் யாருக்கும் பொருந்தும். சந்தேகம் இருந்தால் இவற்றில் ஒன்றைப் போடுங்கள். மற்றவை அந்த மனிதரின் நம்பிக்கையைப் பொறுத்தவை. பக்தராக வாழ்ந்தவருக்கு ‘இறைவனடி சேர்ந்தார்’ அழகு. இயக்குநர் எஸ்.பி. ஜனநாதன் இடதுசாரிக் கொள்கையோடு வாழ்ந்தவர். ‘லாபம்’ படத்தின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2021 மார்ச் 14-இல் மறைந்தார். அவரை இறைவனடி சேர்த்து வந்த இரங்கல்களைப் பார்த்தபோது, அனுப்பியவர்களுக்கு அவரைத் தெரியாது என்பதுதான் தெரிந்தது. அவருடைய முதல் படத்தின் பெயரே ‘இயற்கை’.

இன்னொன்று, வெறும் ‘ரிப்’ வேண்டாமே. ‘போய் வாருங்கள் ஐயா’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அஞ்சலிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. எப்படி எழுதுவது?

அந்த வாக்கியத்தை முதலில் அடித்துவிடுங்கள். அது யாருக்கும் பொருந்தும் என்பதால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பிறகு அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்து, அதை விவரமாக எழுதுங்கள்.

வாணி ஜெயராம் மறைந்த அன்று (2023 பிப்ரவரி 4) ‘இசைக்குயில் பறந்தது’ என்று நூறு பேர் எழுதினார்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி வேறு மாதிரி எழுதினாள். ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடி 1975-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கிய அதே தொண்டைதான், மூன்று வருடம் கழித்து ‘முள்ளும் மலரும்’ படத்தில் ‘நித்தம் நித்தம் நெல்லு சோறு’ பாடியது என்று தொடங்கினாள். முதல் பாட்டில் ஒவ்வொரு சுரமும் சாணை பிடித்த மாதிரி நிற்கும். இரண்டாவதில் ஆசை ஆசையாகச் சாப்பாட்டுப் பட்டியல் போடும் ஒரு கிராமத்துப் பெண், எச்சில் ஊறக் கேட்போம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்று முடித்திருந்தாள். படித்தவர்கள் எல்லோரும் போய்க் கேட்டார்கள். அஞ்சலி என்றால் இப்படி நம்மை அந்த வேலைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு காலமானார். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர் என்பதை எல்லாச் செய்தியும் சொன்னது. எண்ணிக்கையால் ஒரு முகமும் மனதில் வராது. ‘சிந்து பைரவி’யில் குடிப்பழக்கத்தால் கச்சேரியிலிருந்து விலக்கப்படும் மிருதங்கக்காரர், ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஈரமே இல்லாத வில்லன்களில் ஒருவர், ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டு மணி ஐயர். மூன்றும் ஒரே ஆள் என்று எழுதினால் போதும். பத்து வருடம் இந்திய விமானப்படையில் இருந்தவர். கடைசி நாளில் விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். இதைக் கேட்டு, ‘அப்படியா!’ என்று வியந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர்.

‘அவருடன் நான்’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் பழகியிருந்தால் எழுதுங்கள். தூரத்தில் நின்று எடுத்த ஒரு படத்தை வைத்து நட்பைக் கட்டி எழுப்ப வேண்டாம்.

பாட்டைப் பகிரும்போது பாடியவர் பெயர் தவறாகப் போய்விடுகிறது. அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். என்னைப் பொறுத்தவரை அஞ்சலியில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது.

பி. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9-ஆம் தேதி திருச்சூரில் மறைந்தார். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் ‘ராசாத்தி உன்ன காணாத நெஞ்சு’ அவர் பாடியது. அதே படத்தின் ‘காத்திருந்து காத்திருந்து’ம் அவர்தான். இந்த இரண்டையும் யேசுதாஸ் பாடியதாக நாற்பது வருடமாக நம்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஜெயச்சந்திரன் இறந்த அன்றும், அவர் படத்துக்குக் கீழே, அவர் பாடாத பாட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு மனிதர் உயிரோடு இருந்தபோது இன்னொருவர் பெயரில் போன பாட்டு, இறந்த பிறகாவது அவர் பெயருக்குத் திரும்ப வேண்டாமா?

சரிபார்ப்பது கஷ்டமில்லை. படத்தின் டைட்டில் கார்டில் பின்னணி பாடியவர்கள் பெயர் இருக்கும், ஆனால் எந்தப் பாட்டு யாருடையது என்று இருக்காது. அதற்கு இசைத்தட்டின் உறையோ கேசட்டின் உள்தாளோ பாட்டுப் புத்தகமோ நல்ல ஆதாரம். யூடியூப் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்து வானொலி அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நாலு விவரமும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அந்த மரியாதையைச் செயலிகள் தொலைத்துவிட்டன. நாமாவது சொல்லலாம்.

பாடகரையும் நடிகரையும் நினைக்கிறோம். பாட்டு எழுதியவரை?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன்.

‘ஆயிரம் நிலவே வா.’ எஸ்.பி.பி. மறைந்தபோது எல்லாத் தொலைக்காட்சியிலும் இந்தப் பாட்டு ஓடியது. இளைஞராக இருந்த அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட, எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் அவர் தேறி வரும்வரை ஒலிப்பதிவைத் தள்ளிப்போட்ட கதை அத்தனை பேர் வாயிலும் வந்தது. எஸ்.பி.பி.யே பல மேடைகளில் நன்றியோடு சொன்ன கதைதான். அந்தப் பாட்டை எழுதியவர் புலவர் புலமைப்பித்தன். எஸ்.பி.பி. போய் ஒரு வருடம்கூட முடியவில்லை, 2021 செப்டம்பர் 8-இல் அவரும் காலமானார். முதல் வருடம் அந்தப் பாட்டைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு, இரண்டாவது வருடம் இறந்தவர்தான் அதே பாட்டை எழுதியவர் என்று தெரிந்திருக்கும்? ஒரு பாட்டுக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். இசை கே.வி. மகாதேவன், கூடப் பாடியவர் பி. சுசீலா. ஒருவரை நினைக்கும்போது கூட இருந்தவர்களையும் சேர்த்துச் சொன்னால், நாளைக்கு அவர்கள் போகும்போது ‘யார் இவர்?’ என்று கேட்க மாட்டோம்.

சின்ன வேடங்களில் வந்தவர்களை எப்படி நினைவில் வைப்பது? பெயரே தெரிவதில்லையே.

ஒரு படத்தை எடுத்து, அதில் நடித்தவர்களின் பட்டியலை முழுவதும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். இது எங்கள் வழக்கம்.

‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்த படம், பழைய படமே இல்லை. அதில் கல்லூரி முதல்வராக வந்த பூ ராமு, வீதி நாடகத்திலிருந்து வந்தவர். 2022 ஜூன் 27-இல் மறைந்தார். நாயகன் பரியனின் அப்பாவாக வந்த தங்கராசு, கிராமங்களில் பெண் வேடம் கட்டி ஆடிய கூத்துக் கலைஞர். 2023 பிப்ரவரி 3-இல் போனார். நாயகி ஜோவின் அப்பாவாக வந்த மாரிமுத்து அதே ஆண்டு செப்டம்பர் 8-இல், டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார். ஐந்தே ஆண்டுக்குள் ஒரே படத்தின் மூன்று பேர். தங்கராசு மறைந்த செய்தி வாணி ஜெயராம் மறைவதற்கு முந்தின நாள் வந்தது. அடுத்த நாளே அது அடியில் போய்விட்டது.

மாரிமுத்துவை ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஒரு வசனத்தை வைத்து மட்டும் நினைக்கிறார்கள். அது தவறில்லை, மக்கள் விரும்பிய வசனம். ஆனால் அவர் ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று இரண்டு படங்கள் இயக்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயில்சாமிக்கும் அப்படித்தான். அவர் திரையில் வந்த நேரத்தைவிட ‘சிரிப்போ சிரிப்பு’ கேசட்டில் நம் வீட்டுக்குள் இருந்த நேரம் அதிகம். 2015 வெள்ளத்தில் தன் பகுதி மக்களுக்கு அவர் ஓடி ஓடி உதவியதை அங்கே இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கோரஸ் பாடியவர்கள், வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்கள், சண்டைக் கலைஞர்கள், துணை நடிகர்கள் இவர்களுக்கு டைட்டில் கார்டில்கூட இடம் கிடைத்ததில்லை. உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், எந்தப் பாட்டில் வாசித்தார், எந்தக் காட்சியில் நின்றார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஒரே மாதத்தில் நாலைந்து பேர் போகிறார்களே. சினிமாவுக்குக் கண் பட்டுவிட்டதா?

2023 பிப்ரவரியில் இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். 2-ஆம் தேதி இயக்குநர் கே. விஸ்வநாத், 4-ஆம் தேதி வாணி ஜெயராம், 5-ஆம் தேதி டி.பி. கஜேந்திரன், 19-ஆம் தேதி மயில்சாமி. விஸ்வநாத் இயக்கிய ‘சங்கராபரணம்’ வெளியானது 1980 பிப்ரவரி 2. அதே தேதியில் 43 ஆண்டு கழித்து அவர் போனார். அந்தப் படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்ற எஸ்.பி.பி. ஏற்கெனவே இல்லை, வாணி ஜெயராம் இரண்டே நாளில் பின்னால் போனார். மனசு இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று தேடத்தான் செய்யும்.

காரணம் எளிது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இளைஞர்களாக வந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டி நிற்கிறார்கள். வரும் ஆண்டுகளிலும் இப்படித்தான் இருக்கும். இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அரசியலில் இருந்தவராக இருந்தால்? எங்கள் குடும்பத்தில் விஜயகாந்த் பேச்சு எடுத்தாலே சண்டை வருகிறது.

அரசியல் கருத்து வேறுபாடு இருக்கட்டும், அதை மறைக்க வேண்டாம். அவர் 2011 முதல் 2016 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். அந்த வாழ்க்கையைப் பற்றி விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இரங்கல் கூட்டத்தில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

விஜயகாந்தை நினைக்க எனக்கு மூன்று விஷயங்கள் போதும். திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 1986-இல் ‘ஊமை விழிகள்’ செய்தார். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, சங்கத்தின் கடனை அடைக்க வெளிநாட்டில் கலைநிகழ்ச்சி நடத்தினார். படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று நின்றார். 2023 டிசம்பர் 28-இல் அவர் மறைந்தபோது தீவுத்திடலில் வரிசையில் நின்றவர்களில் பலர் பேசியது அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான். அவர் உடல் நலம் குன்றிப் பேச்சு தடுமாறிய நாட்களில் அதைக் கேலிப் படமாக்கிப் பரப்பியவர்களும் அன்று கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். நோயைக் கேலி செய்யாமல் இருந்திருந்தால் அதுவே பெரிய அஞ்சலி.

இறந்தவரின் குறைகளைப் பேசலாமா?

பேசலாம். முதல் நாளில் வேண்டாம். பிறரைக் காயப்படுத்தியவராக இருந்தால், காயப்பட்டவர்கள் எப்போது பேச வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, முதல் நாளாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். சுமாரான படங்களைச் சுமார் என்று சொல்வதும் தப்பில்லை. எல்லாம் அருமை என்று சொன்னால் உண்மையிலேயே அருமையானது எது என்று தெரியாமல் போகும்.

மறைந்தவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் திரும்பக் கொண்டுவருகிறார்களே, அது சரியா?

எங்கள் கூட்டத்தில் மூன்று மாதம் ஓடிய விவாதம் இது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்யா, 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது என்ற இரண்டு பாடகர்களின் குரலையும் இந்தத் தொழில்நுட்பத்தால் ஒரு பாட்டில் பயன்படுத்தினார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி கேட்டு, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் ‘கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் பவதாரிணியின் குரல் வந்தது. அவர் அந்த ஜனவரி 25-இல் இலங்கையில் சிகிச்சைக்குப் போன இடத்தில் 47 வயதில் இறந்திருந்தார். அக்கா குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று தம்பி யுவன் நினைத்திருந்த பாட்டு அது. அதே படத்தில் விஜயகாந்தின் உருவமும் குடும்பத்தின் சம்மதத்தோடு வந்தது. இன்னொரு பக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலைத் தங்களைக் கேட்காமல் உருவாக்கிப் பயன்படுத்தியதாகச் சொல்லி, அவருடைய குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

ஆக, கேட்காமல் செய்வது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்டுச் செய்தால்? தம்பி அக்காவுக்காகச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் வீட்டுத் துக்கம். ஆனால் அது அவர் பாடியதல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது. எஸ்.பி.பி. ஒரு வரிக்கு நடுவில் மெல்லச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அங்கே வைக்கலாம் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்ற ஒரு மனிதர் முடிவு செய்தார். குரலின் நிறத்தை இயந்திரம் கொண்டுவரலாம், அந்த முடிவை எடுத்தவர் இல்லை. அதனால் இத்தகைய பாட்டைப் பகிரும்போது எப்படி உருவானது என்பதையும் குறிப்பிடுங்கள். பவதாரிணியை நினைக்க வேண்டுமென்றால் ‘பாரதி’ படத்தின் ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ இருக்கிறது. தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு, முழுக்க அவருடைய மூச்சு.

இப்போது பாடிக்கொண்டிருப்பவர்கள், தங்கள் குரலைப் பிற்காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாரம் குறையும்.

நினைவு நாளில் என்ன செய்யலாம்?

அவர் விரும்பிச் செய்த வேலையைத் தொடரலாம். விவேக் ஒரு கோடி மரக்கன்று நட வேண்டும் என்று கிளம்பி, 33 லட்சத்துக்கு மேல் நட்டுவிட்டுப் போனார். ஏப்ரல் 17 அன்று ஒரு கன்று நடுங்கள், கோடைக்காலம் என்பதால் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வசித்த விருகம்பாக்கம் சாலைக்குச் ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மரம் நிற்பது நல்ல நினைவுச் சின்னம்.

கண் தானம் இன்னொன்று. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-இல் 46 வயதில் இறந்தபோது, அவருடைய கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. டேனியல் பாலாஜி, சரோஜாதேவி ஆகியோரின் கண்களும் தானமாகக் கொடுக்கப்பட்டன. பதிவு செய்தால் மட்டும் போதாது, வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

திதியா, தேதியா என்று கேட்கிறார்கள். திதி குடும்பத்துக்கு. ரசிகர்களுக்குத் தேதி போதும். பிறந்த நாளில் கூடுவது எனக்கு இன்னும் பிடிக்கும்.

பழைய பாட்டையும் படத்தையும் யூடியூபில் ஏற்றலாமா?

பெரும்பாலும் கூடாது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வரிகளுக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பின் 60 ஆண்டுகள். 2016-இல் 41 வயதில் போன நா. முத்துக்குமாரின் வரிகளுக்கு 2076 முடிய உரிமை இருக்கிறது. 2012-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி கட்டாயமாகப் போய்ச் சேர வேண்டும். அதிகாரப்பூர்வப் பதிவின் இணைப்பைப் பகிருங்கள், அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டியது போகட்டும்.

வீட்டில் பழைய கேசட், பாட்டுப் புத்தகம் எல்லாம் கிடக்கின்றன. எடைக்குப் போடலாமா?

தயவு செய்து போடாதீர்கள். பல படங்களின் பாட்டு விவரம் அந்தத் தாள்களில்தான் ஒழுங்காக இருக்கிறது. கேசட்டை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல், வெயில் படாத இடத்தில் நிற்க வையுங்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே ஓட விடாமல், கையால் மெதுவாகச் சுற்றித் தளர்த்திவிட்டு ஓட விடுங்கள். வானொலிப் பேட்டி, மேடைக் கச்சேரி என்று வீட்டில் பதிவு செய்தவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள், கடையில் விற்ற கேசட் வேறு இடத்திலும் கிடைக்கும். அச்சிட்டவற்றை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களை அவர்கள் பாதுகாத்து வருகிறார்கள்.

இறந்த பிறகு செய்வதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே செய்தால் என்ன?

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். வாணி ஜெயராமுக்குப் பத்மபூஷண் அறிவித்தது 2023 ஜனவரி 25. பத்தே நாளில் அவர் இல்லை, விருதைக் கையில் வாங்கவே இல்லை. அவர் முதல் தேசிய விருது வாங்கி ஏறக்குறைய 47 வருடம் ஆகியிருந்தது.

அரசு செய்வது நம் கையில் இல்லை, கடிதம் எழுதுவது நம் கையில் இருக்கிறது. பின்னணி இசையில் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு புல்லாங்குழல் கலைஞருக்குப் போன வருடம் எங்கள் கூட்டத்திலிருந்து எழுதினோம். எந்தப் பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் எந்த இடம் எங்களுக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் எழுதினோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த இடத்தை அன்று எத்தனை முறை வாசித்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பக்கத்தில் வாசித்த மூவரின் பெயரையும் கொடுத்திருந்தார். அவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத ஆரம்பித்திருக்கிறோம்.